ஏழு நொடி

அக்கா மகனுக்குக் காதுகுத்து.
தாய்மாமன் நான். மடியில் வைத்திருந்த பிள்ளையின்
அழுகை அடங்குமுன்னே
செக்கானூரணி மண்டபத்து மொய்மேசைக்கு எதிரே
போனை ஸ்டாண்டில் சொருகிவிட்டுப்
பந்திக்கு ஓடினேன்.
ஒரு மணி பதினோரு நிமிடம்
தானாக நின்று பார்த்திருக்கிறது அது.

இப்போது அதுதான் கணக்குப்பிள்ளை.
மொய் நோட்டில் பதினாலாம் பக்கம்
யாரோ பாயாசம் சிந்தி
பதினெட்டுப் பேர் நீல மையில் ஒரே குளம்.
"நீதான் எடிட் பண்ணுவியே,
யார் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு.
திருப்பிச் செய்யணும்ல?"

கோப்பைத் திறக்கவே மறுத்தது மென்பொருள்.
'காதுகுத்து' என்று தமிழில் பேர் வைத்திருந்தேன்.
அதன் கண்ணுக்குப் பத்துக் கட்டம்.
ஆங்கிலத்தில் மாற்றியதும்
பேர் மாற்றிப் பள்ளியில் சேர்த்த பிள்ளையாய்
உள்ளே போனது.

தொடக்கத்தில் குறையில்லை.
"கருமாத்தூர் ஒச்சம்மா, ஐநூத்தி ஒண்ணு!"
ஒச்சம்மா அத்தை தலையாட்டுகிறாள்.
இருபதாம் நிமிடம் மைக் லேசாகப் பிந்துகிறது.
ஒரு மணி தாண்டும்போது
ஏழு நொடி.

மொய்மேசையில் ஏழு நொடி என்பது
ஓர் ஆள்.

"பால் சொசைட்டி சின்னக்காமு, ஐயாயிரத்து ஒண்ணு!"
திரையில் நிற்பதோ
நூற்றியொன்று வைத்த பூக்கார மாயக்கா.
ஐயாயிரத்துக்கும் அசராமல்
கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு போகிறாள்.

அணைத்துப் போட்டேன். கேஷை அழித்தேன்.
ஒலியைத் தனியே பிரித்து
ஏழு நொடி முன்னால் இழுத்தேன்.
கடைசி சரியானது, முதல் கெட்டது.
ஒச்சம்மா அத்தை செருப்பைக் கழற்றுமுன்பே
ஐநூத்தி ஒண்ணு.

கோளாறு போனில்.
வெளிச்சம் இருந்தால் நொடிக்கு முப்பது படம்,
மங்கினால் இருபத்துநாலு,
தன் இஷ்டத்துக்கு எடுத்திருக்கிறது.
மென்பொருள் எல்லாவற்றையும் முப்பது முப்பதாக எண்ணி
முகங்களை முன்னால் ஓட்டிவிட்டது.
குரல்கள் நடந்தே வந்தன.

சீராக முப்பதுக்கு மாற்றப் போட்டேன்.
எழுபத்திமூன்று சதவீதத்தில்
பொன்மேனி முழுக்கக் கரண்ட் போனது.
லேப்டாப் பேட்டரி செத்து வருஷம் ஒன்று.
மறுபடி
முதலிலிருந்து.

இதில் ஒரு தப்பு செய்திருந்தேன்.
சாயங்காலமே அவசரப்பட்டு அக்காவிடம்
"பழனியாண்டி சித்தப்பா ஆயிரத்தி ஒண்ணு" என்றிருந்தேன்.
கிணற்றுப் பங்குச் சண்டைக்குப் பின்
ஒன்பது வருஷமாக வாசல் மிதிக்காதவர்.
"சித்தப்பாவா? வந்தாரா?" என்றவள்
பிறகு பேசவில்லை. மிக்சி ஓடும் சத்தம் மட்டும்.

மணி நாலு. நூறு சதவீதம்.
மாயக்காவுக்கு நூற்றியொன்று திரும்பக் கிடைத்தது.
ஆயிரத்தி ஒண்ணு சித்தப்பாவை விட்டிறங்கி
முன்னால் நின்ற சிமெண்ட் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

சித்தப்பாவின் முறை.
மைக்காரர் வாயைத் திறக்கிறார்.
சித்தப்பா கையை மெல்ல ஆட்டுகிறார்: வேண்டாம்.
கவரை இரண்டாக மடித்துப் பைக்குள் விட்டுவிட்டு
பந்திப் பக்கம் திரும்பாமல் படியிறங்குகிறார்.
நாலு நொடி
மைக்கில் ஃபேன் காற்று.

இத்தனை நாள்
வேறு யாரோ ஒருவரின் தலையில் இருந்திருக்கிறது
இந்த மௌனம்.

பேர் எழுதாத கவர் எத்தனை வந்ததென்று கேட்க
அக்கா நம்பரை எடுத்தேன்.
நாலேகால். வைத்துவிட்டேன்.

பதினெட்டுப் பேரையும் தாளில் எழுதினேன்.
பதினேழுக்கு நேரே தொகை.

சேமிக்கும் முன் மென்பொருள் ஒன்று கேட்டது:
சத்தமில்லாத இடங்களைத்
தானாக நீக்கிவிடவா?

வேண்டாம்
என்பதைத் தேடி அமுக்கினேன்.